கையில் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால் காட்டுப்பன்றியைச் சுடலாமா? பெரம்பலூர், அரியலூர் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

ராத்திரி பதினொரு மணி. பெரம்பலூர் மாவட்டத்தில் கதிர் முற்றி நிற்கும் ஒரு மக்காச்சோளக் கொல்லை. உள்ளே சடசடவென்று தட்டை முறியும் சத்தம். காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கிவிட்டது. விடிவதற்குள் பாதிக் கொல்லை காலி. நான்கு மாத உழைப்பும் உரம், விதைக்கு வாங்கிய கடனும் கண்ணெதிரே போகும்போது ஒரு விவசாயிக்கு வரும் முதல் யோசனை, "சுட்டுத் தள்ளிட்டா என்ன?" என்பதுதான்.

வீட்டில் தற்காப்புக்காக வாங்கிய லைசென்ஸ் பிஸ்டல் இருக்கிறது என்றால், அந்த யோசனை இன்னும் வேகமாக வரும். "கவர்ன்மென்ட்டே கொடுத்த லைசென்ஸ்தானே, என் நிலத்துல என் துப்பாக்கி, இதுல என்ன தப்பு?" என்று கேட்பவர்கள் உண்டு.

தப்பு இருக்கிறது. சட்டப்படியும் தப்பு, துப்பாக்கி வேலை செய்யும் விதத்தின்படியும் தப்பு. எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

துப்பாக்கி லைசென்ஸ் வேறு, வேட்டை அனுமதி வேறு

இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் முதல் சிக்கல். துப்பாக்கி வைத்திருக்க அனுமதி தருவது 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம். காட்டு விலங்கைக் கொல்லலாமா, கூடாதா என்று சொல்வது 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். முதல் சட்டத்தில் வாங்கிய லைசென்ஸ், இரண்டாவது சட்டத்தில் செல்லாது.

ஒரு காலத்தில் வேட்டைக்கும் லைசென்ஸ் இருந்தது உண்மை. 1972 சட்டம் வந்தபோதுகூட பெரிய விலங்கு, சிறிய விலங்கு என்று வகை பிரித்து வேட்டை உரிமம் கொடுக்க வழி இருந்தது. 1991-ல் வந்த திருத்தம் அதை எடுத்துவிட்டது. அதன் பிறகு இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. தாத்தா காலத்தில் வாங்கிய வேட்டை லைசென்ஸ் பெட்டியில் இருந்தாலும் இன்று அது வெறும் பழைய காகிதம்தான்.

'வேட்டை' என்றால் கொல்வது மட்டுமா?

இல்லை. சட்டத்தின் 2-வது பிரிவில் வேட்டைக்குக் கொடுத்திருக்கும் விளக்கம் ரொம்பவே அகலமானது. சுடுவது, விஷம் வைப்பது, சுருக்குக் கம்பி கட்டுவது, வலை விரிப்பது, காயப்படுத்துவது, பறவைக் கூட்டிலிருந்து முட்டை எடுப்பது எல்லாமே வேட்டைதான். முயற்சி செய்தாலே போதும். குறி தப்பினாலும் வழக்கு தப்பாது.

2022-ல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி பாதுகாக்கப்பட்ட விலங்குகளும் பறவைகளும் முதல் இரண்டு பட்டியல்களுக்குள் வந்துவிட்டன. நம்ம பக்கம் அடிக்கடி கண்ணில் படும் புள்ளிமான், காட்டுப்பன்றி, முயல், மயில் எல்லாம் இதில் அடக்கம். மயில் முதல் பட்டியலில் இருக்கிறது.

மாட்டினால் என்ன தண்டனை?

பொதுவாக 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் பட்டியலில் உள்ள விலங்கு என்றாலோ, சரணாலயத்துக்குள் வேட்டையாடினாலோ, குறைந்தபட்சமே 3 ஆண்டு சிறை. அது 7 ஆண்டு வரை போகலாம். அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

கறி வாங்கிச் சாப்பிட்டவரும் தப்ப முடியாது. வேட்டையாடப்பட்ட விலங்கு அரசின் சொத்து. அதன் கறி, தோல், கொம்பு உங்கள் வீட்டில் இருந்தால், சட்டப்படிதான் வைத்திருந்தேன் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். போன பைக், காரையும் வனத்துறை பறிமுதல் செய்யலாம்.

துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பிரிவு உண்டு. 51-வது பிரிவின்படி, லைசென்ஸ் துப்பாக்கியால் இந்தக் குற்றம் செய்தது நிரூபணமானால், அந்த லைசென்ஸை ரத்து செய்ய நீதிமன்றம் உத்தரவிடலாம். அப்படி உத்தரவிட்டால், தீர்ப்பு வந்த நாளிலிருந்து 5 ஆண்டுக்கு வேறு லைசென்ஸும் கிடைக்காது. தற்காப்புக்கு என்று வாங்கிய துப்பாக்கி, ஒரு பன்றிக்காகக் கையை விட்டுப் போய்விடலாம்.

சரி, பிஸ்டலால் சுட்டால் விலங்கு சாகுமா?

சட்டத்தை விடுங்கள், துப்பாக்கி விஷயத்துக்கு வருவோம். நம் நாட்டில் சாதாரண குடிமகனுக்குக் கிடைக்கும் கைத்துப்பாக்கி பெரும்பாலும் 0.32 ரகம். 9 மி.மீ. பிஸ்டல் தடை செய்யப்பட்ட ரகத்தில் வருகிறது.

0.32 தோட்டா குழலை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் பெரும்பாலும் 150 முதல் 200 ஜூல். அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் பிரபலமான 30-06 ரைபிள் தோட்டாவின் ஆற்றல் 3,500 ஜூலுக்கு மேல். வித்தியாசம் பதினைந்து மடங்குக்கும் அதிகம்!

வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட ஜெர்மனியிலேயே, பிஸ்டலையும் ரிவால்வரையும் பெரிய விலங்கின் மீது பயன்படுத்துவது ஏற்கெனவே காயம்பட்ட விலங்கின் வேதனையை முடித்துவைக்கத்தான். அதற்கும் குறைந்தது 200 ஜூல் ஆற்றல் வேண்டும் என்று அங்கே சட்டம் சொல்கிறது. நம்ம ஊர் 0.32 பெரும்பாலும் அந்தக் கோட்டையே தொடாது.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் கைத்துப்பாக்கி வேட்டைக்கு அனுமதி உண்டு. ஆனால் அதற்கென்று நீளமான குழல், பெரிய தோட்டா, சில நேரம் டெலஸ்கோப் என்று தனி ரகத் துப்பாக்கிகள் இருக்கின்றன. இடுப்பில் செருகிக்கொள்ளும் சின்ன பிஸ்டல் அந்த ரகம் கிடையாது. குழல் குட்டையாக இருப்பதால், கை ஒரு துளி ஆடினாலும் இருபது அடி தாண்டியதும் குறி எங்கேயோ போய்விடும். அதுவும் இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், ஓடுகிற பன்றியின் மீது!

தற்காப்புத் தோட்டா என்றால் என்ன?

தற்காப்புக்கென்று உலகம் முழுக்க விற்கப்படும் தோட்டாக்களில் முக்கியமானது 'ஹாலோ பாயின்ட்'. இதன் மூக்கு குழிவாக இருக்கும். உடம்பில் பட்டவுடன் காளான் போல விரியும். காயம் பெரிதாகும், வேகம் சட்டென்று குறையும். எதிரில் இருப்பவரைத் துளைத்துக்கொண்டு பின்னால் நிற்கும் அப்பாவி மீது பாயக்கூடாது என்பதற்காகச் செய்த வடிவம் இது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. வைத்திருக்கும் அளவுகோலின்படி, சோதனை ஜெலட்டினில் இது 12 முதல் 18 அங்குலத்துக்குள் நின்றுவிட வேண்டும்.

இந்த வகைத் தோட்டாவுக்கு இந்தியாவோடு ஒரு பழைய தொடர்பும் உண்டு. 1890-களில் கொல்கத்தா அருகே உள்ள டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் விரியும் தோட்டா தயாரானது. 'டம்டம் புல்லட்' என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். போரில் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று 1899-ல் ஹேக் மாநாடு அறிவித்தது.

இப்போது காட்டுப்பன்றிக்கு வருவோம். முழு வளர்ச்சி அடைந்த ஆண் பன்றியின் தோள்பட்டையில் தோலுக்கு அடியில் கேடயம் போலத் தடித்த திசு இருக்கும். சீக்கிரம் விரிகிற சின்னத் தோட்டா அங்கேயே வேகம் இழந்து நின்றுவிடலாம். இதயம், நுரையீரல் வரை போகாது. விளைவு? விலங்கு உடனே சாகாது. ரத்தம் ஒழுக ஓடி, எங்கேயோ ஒரு ஓடையில் கிடந்து நாள் கணக்கில் துடிக்கும். இல்லையென்றால் திரும்பி, சுட்டவர் மீதே பாயும். காயம்பட்ட பன்றியின் கோரைப்பல் தொடையைக் கிழித்தால் ஆஸ்பத்திரி போவதற்குள் உயிர் போகலாம்.

நாட்டுத் துப்பாக்கி: நம்ம ஊரின் நிஜப் பிரச்னை

உண்மையில் இந்த இரண்டு மாவட்டங்களிலும் வேட்டை வழக்கு என்றால் அதில் பிஸ்டலைவிட அதிகம் பேசப்படுவது நாட்டுத் துப்பாக்கிதான். குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, துணி திணித்து, பால்ரஸ் குண்டுகளைப் போட்டுக் கம்பியால் இடித்துச் சுடுவது. குண்டு சிதறிப் போகும், எங்கே போகும் என்று சுட்டவருக்கே தெரியாது. மருந்து அளவு கூடினால் குழலே வெடித்துக் கையைப் பறிக்கும். பன்றி என்று நினைத்து மனிதரையே சுட்ட துயரங்களும் தமிழ்நாட்டில் நடந்திருக்கின்றன.

லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. கள்ளத்தனமாகத் தயாரித்து விற்றால் 7 ஆண்டிலிருந்து ஆயுள் வரை.

பயிர்ப் பாதுகாப்புக்கு என்று வாய்வழி மருந்து போடும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்க ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் அதுவும் விலங்கைக் கொல்வதற்கான அனுமதி ஆகாது. சத்தம் போட்டு விரட்டுவது வேறு, குறிபார்த்துச் சுடுவது வேறு.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாட்டுத் துப்பாக்கி என்றாலே நரிக்குறவர் மக்களைச் சந்தேகிக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. வேட்டை அவர்களின் பரம்பரைத் தொழிலாக இருந்தது. சட்டம் அதை நிறுத்திய பிறகு பாசிமணி, ஊசி வியாபாரம் என்று மாறிப் பிழைத்தவர்கள் அவர்கள். 2022 டிசம்பரில்தான் அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. குற்றம் செய்தவர் யாரோ அவர் மீதுதான் வழக்கு, ஒரு சமூகத்தின் மீது அல்ல.

அரியலூர்க்காரர்களுக்குக் கூடுதல் கவனம்: கரைவெட்டி

அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரி 1999-ல் பறவைகள் சரணாலயமானது. 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. புள்ளம்பாடி வாய்க்காலில் மேட்டூர் தண்ணீர் வந்து ஏரி நிரம்பும் காலத்தில், இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் இங்கே வந்து இறங்குகின்றன.

சரணாலயம் என்பதால் இங்கே விதிகள் இன்னும் கடுமை. அனுமதி இல்லாமல் எந்த ஆயுதத்தோடும் உள்ளே போகக் கூடாது, லைசென்ஸ் இருந்தாலும்கூட. சரணாலயத்திலிருந்து 10 கி.மீ. சுற்றளவில் இருப்பவருக்குப் புதிதாகத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்க, தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும் என்கிறது 34-வது பிரிவு.

"ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாமே" என்று கொக்கு, நாரை அடிக்கப் போகும் இளைஞர்களும் உண்டு. குறைந்த ஆற்றல் கொண்ட ஏர்கன்னை வைத்திருக்க லைசென்ஸ் தேவையில்லை என்பது சரி. அதனால் பறவையை அடித்தால் வேட்டை வழக்குதான்.

உயிருக்கே ஆபத்து என்றால்?

சட்டம் இங்கே கண்ணை மூடிக்கொள்ளவில்லை. தன் உயிரையோ அடுத்தவர் உயிரையோ காப்பாற்ற, நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொன்றாலோ காயப்படுத்தினாலோ குற்றம் ஆகாது என்கிறது 11-வது பிரிவு. ஆனால் இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. அந்த நேரத்தில் நீங்களே இந்தச் சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால், அதாவது வேட்டைக்குப் போன இடத்தில் பன்றி பாய்ந்தது என்றால், இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. இறந்த விலங்கு அரசு சொத்து. அதைக் கறியாக்காமல் 48 மணி நேரத்துக்குள் போலீஸிலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும்.

பயிரை மேய்வது உயிருக்கு ஆபத்து என்ற கணக்கில் வராது.

அப்போ விவசாயி என்னதான் செய்வது?

நியாயமான கேள்வி. பக்கத்து மாநிலமான கேரளாவில், 2022 முதல் உள்ளாட்சித் தலைவர் உத்தரவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் காட்டுப்பன்றியைச் சுட வழி செய்திருக்கிறார்கள். தமிழ்நாடு வேறு பாதையில் போயிருக்கிறது. 2025 ஜனவரியில் அரசு அறிவித்த நடைமுறை இதுதான்:

• காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை: சுடவோ பிடிக்கவோ கூடாது.

• 1 முதல் 3 கி.மீ. வரை: வனத்துறை பிடித்துக் காட்டுக்குள் விடும்.

• 3 கி.மீ.க்கு அப்பால்: தேவைப்பட்டால் வனத்துறையினரே சுடுவார்கள்.

சுடுவது யார் என்பதைக் கவனியுங்கள். விவசாயி இல்லை, பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளர்.

அதனால் பன்றி இறங்கினால், மறுநாள் காலையிலேயே சேதமான பயிரைப் போட்டோ, வீடியோ எடுத்து வையுங்கள். வி.ஏ.ஓ.விடமும் வனச்சரக அலுவலகத்திலும் சர்வே எண்ணோடு எழுத்துபூர்வமாக மனு கொடுத்து, ரசீது வாங்குங்கள். இழப்பீடு கேட்கவும், பன்றியை அப்புறப்படுத்தக் கேட்கவும் அந்த மனுதான் ஆதாரம். ஒரே ஊரில் பத்துப் பேர் சேர்ந்து கொடுத்தால் கோப்பு வேகமாக நகரும். சோலார் வேலி போடுவதாக இருந்தால், காப்புக்காட்டை ஒட்டிய பகுதிகளில் 2023-ம் ஆண்டு மின்வேலி விதிகளின்படி பதிவு செய்துவிட்டுப் போடுங்கள். வீட்டுக் கரன்ட்டை நேரடியாக வேலிக்குக் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் சிக்குவது பன்றி மட்டுமல்ல, விடிகாலையில் தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்துக் கொல்லைக்காரராகவும் இருக்கலாம். அவுட்டுக்காய் வைப்பதும் அப்படித்தான். ஆடு, மாடு, குழந்தை என்று அதற்கு ஆள் தெரியாது.

வனத்துறை வர தாமதம் ஆகிறது, இழப்பீடு போதவில்லை என்ற கோபம் பல விவசாயிகளுக்கு இருக்கிறது. அந்தக் கோபத்தைக் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் காட்டுங்கள். ராத்திரியில் பிஸ்டலை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனால், விளைச்சலோடு சேர்த்து லைசென்ஸும் போகலாம், 3 வருஷம் ஜெயிலும் வரலாம்.