பிரேக் இல்லாத வண்டியில் ஆறு உலகக் கோப்பை

மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றால் நம்ம ஊர்க்காரர்களுக்குச் சோழவரம் ஞாபகம் வரும், இளையவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை ஞாபகம் வரும். இரண்டுமே தார் போட்ட தடம். நான் இங்கே சொல்ல வந்த பந்தயம் தார் ரோட்டில் நடப்பதில்லை. நொறுங்கிய செம்பாறைத் தூளைக் கொட்டிப் பரப்பிய ஒரு முட்டை வடிவ மைதானம். நான்கு பேர், நான்கு சுற்று, சுமார் ஒரு நிமிஷம். வண்டியில் ஒரே ஒரு கியர். பிரேக் கிடையாது. அதற்குப் பெயர் ஸ்பீட்வே.

"பிரேக் இல்லாமலா?" என்று கேட்பீர்கள். மெக்கானிக்கல் படித்தவர்களும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். முன்னால் போகிறவன் திடீரென்று பிரேக் பிடித்தால், ஒட்டிப் பின்னால் வருகிற மூன்று பேரும் அவன் மேல்தான் ஏறவேண்டியிருக்கும். அதனால்தான் பிரேக்கே வேண்டாம் என்று வைத்துவிட்டார்கள். அப்படியானால் வளைவில் வேகம் எப்படிக் குறைகிறது? அங்கேதான் விஷயம். ஓட்டுபவர் திராட்டிலைத் திருகிப் பின் சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்க விடுகிறார். வால் பக்கம் வெளியே தள்ளிப் போகிறது. தடம் எப்போதும் இடப்பக்கமே வளையும். ஆனால் ஹேண்டில்பாரை அவர் வலப்பக்கம் திருப்பி வைத்திருப்பார்! இடது காலில் மாட்டிய இரும்புச் செருப்பு தரையில் தேய்ந்துகொண்டே வரும். பயந்துபோய் வளைவின் நடுவில் திராட்டிலை மூடினால் பின் சக்கரம் சட்டென்று தரையைப் பிடித்து, ஆளை வெளிப்பக்கமாகத் தூக்கி எறிந்துவிடும். பயம் வந்தால் திறக்க வேண்டும், மூடக்கூடாது. இதைச் சொல்வது சுலபம்.

500 சிசி, ஒற்றை சிலிண்டர். எரிபொருள் பெட்ரோல் இல்லை, மெத்தனால். ஒரு கிலோவில் அடங்கிய சக்தியைப் பார்த்தால் மெத்தனால் பெட்ரோலில் பாதிக்கும் குறைவுதான். ஆனால் பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டுமென்றால் மெத்தனாலுக்கு 6.4 பங்கு போதும். ஆகவே அதே காற்றுக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஊற்றலாம். ஆவியாகும்போது அது உறிஞ்சும் வெப்பமும் மிக அதிகம், அதனால் எஞ்சின் உள்ளே குளிர்ந்து, உயர்ந்த கம்ப்ரெஷனையும் தாங்குகிறது. தெர்மல் பேப்பரில் நாம் எழுதிவிட்டு மறந்ததெல்லாம் அங்கே ஒரு நிமிஷத்தில் செலவாகிறது. இன்றைய வண்டியின் குறைந்தபட்ச எடை 77 கிலோ. ஒரு சராசரி ஆளின் எடைதான்.

இந்த விளையாட்டின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தால் எந்தப் பக்கம் போனாலும் ஒரு பெயரில் வந்து முட்டும். ஐவன் மேஜர். ராணுவத்து மேஜர் இல்லை, குடும்பப் பெயரே அதுதான். எழுத்தைப் பார்த்தால் மாகர் என்று படிக்கத் தோன்றும், உச்சரிப்பது மேஜர் என்று. 1939 அக்டோபர் 4-ல் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில் பிறந்தவர். அந்த ஊருக்கு என்ன ராசியோ தெரியவில்லை. அங்கே வளர்ந்த ரோனி மூர் 1954, 1959 ஆண்டுகளில் உலக சாம்பியன். அங்கேயே பிறந்த பாரி பிரிக்ஸ் 1957, 1958, 1964, 1966 என நான்கு முறை. பிறகு மேஜர் ஆறு முறை. ஒரே ஊரிலிருந்து பன்னிரண்டு பட்டங்கள்!

மேஜரின் ஓட்ட வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தங்கத்தில் ஆரம்பிப்பார்கள். எனக்கென்னவோ 1957-ல் ஆரம்பிப்பதுதான் நியாயம் என்று படுகிறது. அந்த வருஷம், இன்னும் பதினெட்டு முடியாத வயதில், இளம் மனைவி ரே-யுடன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். லண்டன் விம்பிள்டன் அணியில் சேர்ந்தார். ரோனி மூர் நட்சத்திரமாக இருந்த அணி அது. அங்கே பையனுக்கு ஓட்டக் கிடைத்த பந்தயங்களைவிட, மைதானத்தைப் பராமரிக்கிற வேலைதான் அதிகம் கிடைத்தது. தடத்தைச் சமன்படுத்து, துப்புரவு செய், சாயந்திரம் மற்றவர்கள் ஓட்டுவதைப் பார். ஒன்றிரண்டு சீஸனில் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார். கதை அத்தோடு முடிந்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அப்படிப் போய்த் திரும்பிய காலனி நாட்டுப் பையன்கள் எத்தனையோ பேர்.

அடுத்த நான்கைந்து வருஷங்கள் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஓட்டினார். அடிலெய்டு நகரின் ரௌலி பார்க் தடத்தில், 1951, 1952 உலக சாம்பியனான ஜாக் யங் ஓட்டிய அதே மண்ணில், பழகினார். 1963-ல் குடும்பத்தோடு மறுபடி இங்கிலாந்து. இந்த முறை லண்டன் பளபளப்பெல்லாம் இல்லை. வடக்கே நியூகாசில் அணி, அதுவும் இரண்டாம் நிலை என்று கருதப்பட்ட மாகாண லீக். அந்த லீகின் தனிநபர் பட்டத்தை 1963-லும் 1964-லும் வென்றார். பந்தயக்காரனுக்கு வயது 24 ஆகிவிட்டது. உலக இறுதிப் போட்டியை இன்னும் எட்டவில்லை.

அந்த இறுதிப் போட்டி எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் மற்றது புரியும். வருஷம் முழுக்கத் தகுதிச் சுற்றுகள். கடைசியில் பதினாறு பேர், ஒரே ஒரு நாள், இருபது பந்தயம். ஒவ்வொருவரும் ஐந்து முறை ஓட்டுவார்கள், மற்ற பதினைந்து பேரையும் தலா ஒரு தடவை சந்திப்பார்கள். முதலிடத்துக்கு மூன்று புள்ளி, பிறகு இரண்டு, ஒன்று, பூஜ்யம். அதிகபட்சம் பதினைந்து. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வருஷ உழைப்பு மொத்தமும் ஏறத்தாழ ஐந்து நிமிஷத்தில் தீர்மானமாகிறது. செமஸ்டர் பரிட்சை மூன்று மணி நேரம் என்று நாம் அழுததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

1967-ல் வெம்ப்ளியில் மூன்றாம் இடம். அன்று ஐந்தாவது பட்டத்தை வென்று சாதனை படைத்தவர் ஸ்வீடனின் ஓவே ஃபுண்டின். 1968-ல் ஸ்வீடனின் கோதன்பர்கில் மேஜர் பதினைந்துக்குப் பதினைந்து. 1969-ல் வெம்ப்ளி. 1970-ல் போலந்தின் விரோட்ஸ்வாஃப், மறுபடியும் பதினைந்து. தொடர்ந்து மூன்று வருஷம்! ஒரே நாளில் பட்டம் தீர்மானமான அந்தக் காலம் 1994-ல் முடிந்தது; அதுவரை வேறு யாரும் இதைச் செய்யவில்லை. மூன்றாவதையும் ஜெயித்தால் அந்த வண்டிக்கே தங்க முலாம் பூசித் தருகிறோம் என்று அமெரிக்க ரசிகர்கள் இரண்டு பேர் வாக்குக் கொடுத்திருந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, செய்தும் காட்டினார்கள். அந்தத் தங்க வண்டி பிற்காலத்தில் கிரைஸ்ட்சர்ச்சின் கேன்டர்பரி அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

அது என்ன வண்டி என்று கேட்டால் நம் ஆட்களுக்குச் சந்தோஷம் வரும். செக் நாட்டின் ஜாவா! எஸோ என்ற சிறு கம்பெனி செய்த ஸ்பீட்வே வண்டியை, 1964-ல் ஜாவா தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதே ஜாவாவின் தொழில்நுட்பத்தில் மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996 வரை வண்டி செய்தது. யெஸ்டி என்ற பெயரில் நம் மாமாக்கள், சித்தப்பாக்கள் ஓட்டியது அந்தக் குடும்பத்து வண்டிதான். முலாம் பூச மட்டும் இங்கே யாரும் முன்வரவில்லை.

அவர் ஜெயித்ததைவிட, அவரை ஜெயித்தவர்கள் யார் என்பது எனக்கு இன்னும் சுவாரசியமான வரலாறு. டென்மார்க்கில் மேஜர் நடத்திய பயிற்சி முகாமுக்கு ஓலே ஓல்சன் என்ற இளைஞர் வந்தார். மேஜர் அவரை 1967-ல் தன் நியூகாசில் அணிக்கே கொண்டுவந்தார். 1971 கோதன்பர்க் இறுதியில், நான்காவது பட்டத்துக்காக வந்த குருவை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி டென்மார்க்கின் முதல் உலக சாம்பியன் ஆனவர் அந்த ஓல்சன்தான். மேஜர் 1969 முதல் 1972 வரை மான்செஸ்டரின் பெல் வூ அணியில் இருந்தபோது பக்கத்தில் நின்று பழகிய பையன் பீட்டர் காலின்ஸ். அவர் 1976-ல் உலக சாம்பியன். தொழில் ரகசியத்தைப் பூட்டி வைக்கிற மனிதராக இருந்திருந்தால் மேஜருக்கு இன்னும் ஒன்றிரண்டு கோப்பை கிடைத்திருக்கலாம். அதை அவர் செய்யவில்லை.

1972 வெம்ப்ளி இறுதி நல்ல நாளும் இல்லை, கெட்ட நாளும் இல்லை. பிரிக்ஸ் ஒரு விபத்தில் சிக்கிக் கைவிரல் ஒன்றை இழந்தார். அதே சாயந்திரம் மேஜரும் ஸ்வீடனின் பெர்ன்ட் பெர்சனும் தலா 13 புள்ளியில் நிற்க, தனிப் பந்தயம் வைத்தார்கள், மேஜர் ஜெயித்தார். மறு வருஷம் போலந்தின் ஹோஜூஃபில் அதே மாதிரி, அதே 13, அதே தனிப் பந்தயம். எதிரே உள்ளூர்க்காரர் யெர்ஷி ஷ்சாகியெல். மைதானம் முழுக்கப் போலந்துக்காரர்கள். முந்தப் போன மேஜர் விழுந்தார். ஷ்சாகியெல் போலந்தின் முதல் உலக சாம்பியன். 1974-ல் மறுபடி இரண்டாம் இடம். அடுத்த இரண்டு வருஷமும் பட்டம் இல்லை. முப்பத்தைந்து தாண்டிவிட்டது. ஆசாமி முடிந்தார் என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். நம் வயதுதான் அது, கவனித்தீர்களா? ஆபீஸில் நம்மை இன்னும் "யங் இன்ஜினியர்" என்கிறார்கள்.

1977. கோதன்பர்க், கொட்டுகிற மழை. தடம் சேறு. காலில் பலத்த அடியோடு வந்து 13 புள்ளி எடுத்த காலின்ஸை ஒரே ஒரு புள்ளியில் முந்தி மேஜர் ஐந்தாவது பட்டம் வாங்கினார். ஃபுண்டினுக்குச் சமம். அப்புறம் 1979 செப்டம்பர் 2. மறுபடியும் ஹோஜூஃப், ஆறு வருஷத்துக்கு முன்னால் விழுந்த அதே மைதானம். நாற்பது வயதுக்கு ஒரு மாசம்தான் பாக்கி. எதிரே மறுபடியும் ஒரு போலந்துக்காரர், ஜெனோன் ப்ளெக். மேஜர் 14, ப்ளெக் 13. ஆறாவது பட்டம். ஃபுண்டினின் கணக்கு பன்னிரண்டு வருஷம் கழித்து உடைந்தது.

அவர் கெட்டிக்காரத்தனம் எதில் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வது இரண்டே விஷயம்: டேப் எழும்புகிற கணத்தில் கிளம்புவது, அதற்கு முன்னால் செய்கிற தயாரிப்பு. முதல் வளைவுக்கு முந்திப் போகிறவனுக்கு மண் தெறிக்காது, கண் மறைக்காது, பாதை அவனுடையது. எஞ்சின், டயர், பல்சக்கரம் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து வருகிற ஆள் என்று பெயர் எடுத்தவர். சிலருக்கு அது அழகில்லாத ஆட்டமாகப் பட்டது. பின்னாலிருந்து சாகசம் செய்து முந்துகிறவர்களுக்குத்தான் கைதட்டல் அதிகம். என் ஓட்டு மேஜருக்கே. கமிஷனிங் வேலையில் இருப்பவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

1980-களின் நடுவில் ஓட்டுவதை நிறுத்தினார். 1976-ல் எம்.பி.இ., 1989-ல் ஓ.பி.இ. விருதுகள். ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் குடியேறி, இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 2010-ல் சுயசரிதை வெளியானது. கடைசிக் காலத்தில் அவரைப் பிடித்தது வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பறிக்கிற நோய். நினைவுகளைச் சொல்லி மேடைகளில் கூட்டத்தைக் கட்டிப்போட்ட மனிதர், பேச முடியாமல் பொது நிகழ்ச்சிகளிலிருந்து ஒதுங்கினார். நல்லவேளை, புத்தகம் அதற்கு முன்பே வந்துவிட்டது. 2018 ஏப்ரல் 16-ல், 78-வது வயதில் காலமானார்.

ஆறு என்ற அந்தக் கணக்கை 2005-ல் ஸ்வீடனின் டோனி ரிக்கார்ட்சன் எட்டினார். 2025-ல் பார்டோஸ் ஸ்மார்ஸ்லிக் எட்டினார். அவர் போலந்துக்காரர்.