முத்துப்பேட்டை அலையாத்திக் காடு: அழித்தது யார்?

ஊர் மக்கள் விறகு வெட்டினார்கள், ஆடு மாடு மேய்த்தார்கள், அதனால்தான் அலையாத்திக் காடு அழிந்தது என்று பல காலம் சொல்லி வந்தார்கள். உண்மை என்ன? பதில் சேற்றுக்குள் இருக்கிறது.

முதலில் இடத்தைப் பார்ப்போம். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். இலங்கை குறுக்கே இருப்பதால் பெரிய அலைகளும் குறைவு. அதனால் பாமணியாறு, கோரையாறு போன்ற காவிரியின் கடைமடை ஆறுகள் கொண்டுவந்த வண்டல், முத்துப்பேட்டைக் கரையிலேயே படிந்தது. அந்தக் களிச்சேற்றில் காற்று புகாது. ஆகவே இங்கு மிகுதியாக உள்ள வெண்கண்டல் மரம், மூச்சு வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டிச் சுவாசிக்கிறது.

இந்தக் காடு ஒரு காலத்தில் தஞ்சை மராட்டிய மன்னர்களின் சத்திரங்களுக்கு வருமானம் தந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் 'கூப்பு' முறை வந்தது. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முறைவைத்து மொட்டையாக வெட்டி விற்பார்கள். வெட்டிய இடத்தில் காடு தானே வளர்ந்துவிடும் என்பது கணக்கு. விடுதலைக்குப் பிறகும் 1970கள் வரை இது தொடர்ந்தது.

ஆனால் காடு வளரவில்லை! நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றி மண் அமிழ்ந்து பள்ளமானது. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாக, உப்பு மட்டும் மிஞ்சியது. கண்டல் கன்றுகூடத் தாங்காத உப்பு! பிச்சாவரத்திலும் இதே கதைதான்.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து இதற்கு வழி கண்டார்கள். மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதநீர் வந்து போக வழி செய்தார்கள். உப்பு குறைந்தது. நட்ட கன்றுகள் பிழைத்தன. பழி சுமந்த அதே மக்கள்தான் வாய்க்கால் வெட்டவும் கன்று நடவும் கைகொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஆபத்து தீர்ந்துவிடவில்லை. 1934இல் மேட்டூர் அணை வந்தபின் கடைமடைக்கு வரும் நன்னீரும் வண்டலும் குறைந்தன. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. வாய்க்கால்கள் தூர்ந்துபோனால் பழையபடி உப்புப் பள்ளம்தான்.

ஒரு காடு அழிந்தால் அருகில் குடியிருப்பவன் மீது பழி போடுவது சுலபம். வெட்ட உத்தரவு போட்டது யார் என்பதையும் வரலாறு கேட்க வேண்டும். மரத்தை நட்டால் மட்டும் போதாது, தண்ணீர் வந்து போகும் வழியையும் காக்க வேண்டும். முத்துப்பேட்டைச் சேறு நமக்குச் சொல்வது இதைத்தான்.