தொனி தவறிய வினா

வினாவை ஆறு வகையாகப் பகுத்த நன்னூலார், ஒருவருக்கு ஒன்றைக் கொடுக்கும் கருத்தோடு கேட்பதைக் கொடை வினா என்றார். கொடை வினா கேட்பவர் செவியில் வேறொன்றாக விழுந்தால் என்ன நேரும் என்பதை 1970களின் இடையில் பிரிட்டனின் பெரிய விமான நிலையம் ஒன்றின் ஊழியர் உணவகம் காட்டியது.

அங்கே பரிமாறும் பணிக்கு இந்திய, பாக்கிஸ்தானியப் பெண்கள் புதிதாக அமர்த்தப்பட்டிருந்தனர். அவர்கள் முகங்கொடுத்துப் பேசுவதில்லை, முரட்டுக் குணத்தினர் என்று மேற்பார்வையாளரும் உண்ண வந்த தொழிலாளரும் குறைகூறினர். இத்தனைக்கும் அப்பெண்கள் அதிகம் பேசவே இல்லை. இறைச்சியைத் தட்டில் இட்டபின் ‘கிரேவி’ என்று ஒரே சொல்லைச் சொல்லினர், அவ்வளவுதான். ஆங்கிலேயப் பெண் அச்சொல்லின் ஈற்றில் குரலை உயர்த்துவாள், அது ‘வேண்டுமா?’ என்னும் உபசாரம். தெற்காசியப் பெண் குரலைத் தாழ்த்தி முடிப்பாள். ஆங்கிலச் செவிக்கு அது, ‘இதுதான் கிரேவி, வேண்டுமானால் எடுத்துக்கொள்’ என்ற அலட்சியமாகக் கேட்டது. தாழ்ந்த தொனியில் கேட்பதே அப்பெண்களின் மொழிவழக்கில் இயல்பான கேள்வி. தமிழர்க்கு இது விளங்காத செய்தியன்று. நம் மொழியில் வினாவைச் சுமப்பது ‘ஆ’ என்னும் இடைச்சொல். குரல் ஏறினாலும் இறங்கினாலும் ‘வேண்டுமா’ என்பது கேள்வியாகவே நிற்கும். ஒற்றைப் பெயர்ச்சொல்லால் கேட்கும்போது அந்தச் சுமை முழுவதும் தொனியின் தலையில் ஏறிவிடுகிறது.

இதைக் கண்டு சொன்னவர் ஜான் கம்பர்ஸ். 1922இல் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, நாஜி ஆட்சிக்குத் தப்பி அமெரிக்கா சேர்ந்தவர். 1950களில் உத்தரப் பிரதேசத்தின் கலாப்பூர் கிராமத்தில் தங்கிப் பேச்சுமொழியை ஆராய்ந்தவர். பெயர்ந்து வந்தவனின் செவி அவருக்கு வாய்த்திருந்தது. உணவகத்தில் பதிவுசெய்த பேச்சு அப்பெண்களுக்குப் போட்டுக் காட்டப்பட்டது. முதலில் அவர்களுக்கு வேறுபாடே தெரியவில்லை. தெரிந்தபின், தம்மை ஏன் அப்படி வெறித்துப் பார்த்தார்கள் என்பது விளங்கிற்று. மேற்பார்வையாளரும் தாம் முரட்டுத்தனம் என்று எண்ணியது வேற்றுமொழியின் பணிவு என்பதை அறிந்தனர்.

இப்பணிக்குக் களம் அமைத்தவை, அரசின் நிதியுதவியோடு 1970களில் இயங்கிய தொழில்மொழிப் பயிற்சி நிலையங்கள். அவற்றுள் இலண்டனின் மேற்கிலுள்ள சவுத்தால் நிலையம் குறிப்பிடத்தக்கது. அப்பகுதியில் பஞ்சாபியர் திரளாகக் குடியேறியிருந்தனர். அவர்கள் வுல்ஃப் ரப்பர் தொழிற்சாலையில் 1965இல் நடத்திய வேலைநிறுத்தம் புகழ்பெற்றது. இயந்திரத்தின் முன் நிற்பவனிடம் எவரும் பேச்சுத்திறன் கேட்பதில்லை. பதவி உயர்வும் வேறு வேலையும் நாடி மேசைக்கு எதிரே அமரும்போதே அது கேட்கப்படுகிறது. தொழிலாளிக்கு மட்டும் ஆங்கிலம் கற்பித்தால் போதாது, மேசைக்கு மறுபுறம் இருப்பவருக்கும் பாடம் வேண்டும் என்று டாம் ஜப், சீலியா ராபர்ட்ஸ் முதலியோர் துணிந்ததே இவ்வரலாற்றின் திருப்பம். பி.பி.சி. 1979இல் ஒளிபரப்பிய ‘கிராஸ்டாக்’ நிகழ்ச்சி இப்பாடத்தை நாடெங்கும் கொண்டு சென்றது.

கம்பர்ஸ் பதிவுசெய்தவற்றுள் நெஞ்சைத் தைப்பது இன்னொன்று. தெற்காசியாவில் பிறந்து இங்கிலாந்திலேயே பள்ளியும் பல்கலைக்கழகமும் பயின்ற கணித ஆசிரியர் ஒருவருக்கு நிரந்தர வேலை அமையவில்லை. பேச்சுத்திறன் போதாதென்று கூறி அவரை இத்தகைய நிலையம் ஒன்றுக்கு அனுப்பினர். அங்கே ஆலோசனை கூற அமர்ந்த பெண்மணி நல்லெண்ணம் உடையவர். ஆனால் அவர், ‘உமக்கு எது தேவை?’ என்பதற்குத் திட்டமான விடை எதிர்பார்த்தார். ஆசிரியரோ தம் குறையை முதலிலிருந்து எடுத்துரைக்கவும், அதைக் கேட்டவர் ஆதரவாக ஒரு சொல் சொல்லவும் காத்திருந்தார். ஒருவர் முடிக்குமுன் மற்றவர் தொடங்கினார். தாளம் தப்பிய பாட்டுப் போலப் பேச்சு நெடுநேரம் தடுமாறிற்று. வேற்றுமைப் பேச்சைத் திருத்தவே அமைந்த நிலையத்திலும் இது நேர்ந்ததென்றால், நல்லெண்ணம் ஒன்றே கேள்வித்திறன் ஆகாது என்பது தெளிவு. ஆலோசகர் கேட்டது கொடை வினாவே. வந்தவர் செவியில் அது மாணாக்கனைச் சோதிக்கும் ஆசிரியனின் அறிவினாவாக விழுந்தது எனலாம்.

இனப்பாகுபாடு என்னும் கொடுமையைத் தொனிப் பிழையாகச் சுருக்கிவிட்டார் என்று கம்பர்ஸ்மீது கண்டனம் எழுந்தது. அக்கண்டனத்தில் நியாயம் உண்டு. தோலின் நிறம் கண்டு கதவடைத்தவனுக்குத் தொனி ஒரு பொருட்டன்று. 1976இல் மறைமுகப் பாகுபாட்டையும் சட்டவிரோதமாக்கிய சட்டம் அதற்காகவே வேண்டியிருந்தது. எனினும் கதவைத் திறந்து வைத்தவனும் அறியாமல் அடைக்கிறான் என்பதைச் சட்டத்தால் காட்டியிருக்க முடியாது.

1980களின் இறுதியோடு அப்பயிற்சி நிலையங்களின் காலம் முடிந்தது. சீலியா ராபர்ட்ஸ் விடவில்லை. பிரிட்டனின் வேலை, ஓய்வூதியத் துறைக்காக அவரும் சாரா கேம்பலும் நேர்காணல்களை ஆராய்ந்து 2006இல் அறிக்கை அளித்தனர். குறைந்த ஊதிய வேலைக்குக்கூட, ‘நீங்கள் பிறரோடு சேர்ந்து உழைத்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்’ என்பது போன்ற கேள்விகள் எழுந்தன. வேலைக்கு வேண்டாத கதைசொல்லும் திறம் நேர்காணலுக்கு வேண்டியிருந்தது. வெள்ளையரல்லாதவராயினும் பிரிட்டனில் பிறந்தவர்கள் அக்கதையின் அமைப்பை அறிந்திருந்தனர். வெளிநாட்டில் பிறந்தோரே பெரிதும் பின்தங்கினர். அவர்களும் கதை சொன்னார்கள். மேசைக்கு அப்பால் இருந்தவர் எதிர்பார்த்த இடத்தில் அது தொடங்கவில்லை.