ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போட்ட வழக்கு

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைக்கு அச்சு உண்டு. களிமண் கூழை ஊற்றி எடுத்தால் ஒரே பிள்ளையார் நூறு பேராக வருவார். அதே ஊர் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் கல் உருவங்களுக்கு அந்த வசதி இல்லை. செம்பியன் மாதேவி கற்றளியாக்கிய கோயில் அது. அதன் வெளிச்சுவர்க் கோட்டத்தில் நின்ற அர்த்தநாரீசுவரர் ஒருவர்தான்: வலப்பாதி சிவன், இடப்பாதி உமை, பின்னால் நந்தி.

1974இல் அவரைப் படம் பிடித்து வைத்தது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். 1955இல் தொடங்கிய அந்த நிறுவனம், தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகப் பதிவுசெய்து சேர்த்த படங்கள் லட்சத்தைத் தாண்டும். எந்த ஊர், எந்தக் கோயில், எந்த உருவம், எந்த ஆண்டு என்ற குறிப்போடு விருத்தாசலத்துப் படமும் புதுச்சேரிக்குப் போய் உறங்கியது.

பின்னாளில் சிற்பம் களவுபோனது. 2004இல் அது சிட்னியில் இருந்தது. நியூயார்க் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் அதைச் சுமார் 3 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கியிருந்தது. சிற்பம் 1970இல் டெல்லிக் கடையொன்றில் விற்கப்பட்டதாகக் கூடவே ஒரு ரசீது. அந்த ஆண்டு சும்மா போட்டதல்ல. கலைச்செல்வக் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை பிறந்தது 1970இல். இந்தியாவின் தொல்பொருள் சட்டம் வந்தது 1972இல். அதற்கு முன்பே ஊரைவிட்டுப் போன பொருள் என்று காட்டிவிட்டால் கேள்வி குறையும்.

2013இல் புதுச்சேரிப் படம் விழித்துக்கொண்டது. சிங்கப்பூரில் பணியாற்றிய எஸ். விஜயகுமார் போன்ற சிலை ஆர்வலர்கள் அருங்காட்சியகப் படங்களையும் பழைய படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டெல்லியில் 1970இல் விலைபோன சிற்பம் 1974இல் விருத்தாசலம் கோயில் சுவரில் எப்படி நிற்கும்? ரசீது அங்கேயே பொய்த்தது. 2014 செப்டம்பர் 5 அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட், அதேபோல் களவுபோன ஸ்ரீபுரந்தான் நடராஜரோடு இந்த அர்த்தநாரீசுவரரையும் டெல்லியில் திருப்பி ஒப்படைத்தார். அதே விருத்தாசலம் கோயிலிலிருந்து கான்பெராவுக்குப் போயிருந்த பிரத்தியங்கிரா தேவி 2016இல் திரும்பினாள். அங்கும் சாட்சி புதுச்சேரிப் படம்தான். 2011இல் ஜெர்மனியில் பிடிபட்ட கபூருக்கு, உடையார்பாளையம் சிலைத் திருட்டு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது.

கேமராக்காரர்கள் நாலு பேர் கூடினால் புது மிரர்லெஸ் பாடி, எந்த லென்ஸ், ரா ஃபைலா ஜேபெக்கா என்றுதான் பேச்சு ஓடும். பேசலாம், தப்பில்லை. ஆனால் சிட்னிவரை போய் வழக்கை வென்றது படத்தோடு இருந்த ஊரும் ஆண்டும். அன்று அதைக் கையால் எழுதிவைக்க வேண்டியிருந்தது. இன்று தேதியை ஃபைலே சுமக்கிறது. ஜிபிஎஸ் இருந்தால் இடத்தையும் சேர்த்துச் சுமக்கும். அதை நாமேதான் தொலைக்கிறோம். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினாலே படம் சுருங்கி, அந்தத் தகவலும் உதிர்ந்துவிடும்.

ஆகவே பயணம் போகும் நண்பர்களே, படம் எடுக்க அனுமதியுள்ள கோயில்களில் அந்தி வெளிச்சத்துக் கோபுரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு கோட்டத்தையும் நேர் எதிரே நின்று ஒன்று, சுற்றுச்சுவர் தெரிய ஒன்று, உடைந்த விரலும் சிதைந்த மூக்கும் தெரிய ஒன்று எடுங்கள். மூல ஃபைலை அழிக்காமல், ஊர்ப் பெயரும் கோயில் பெயரும் எழுதி இரண்டு இடத்தில் வையுங்கள். உங்கள் ஊர்ச் சிலைக்கு நாளை ஒரு போலி ரசீது முளைத்தால், அதை மறுக்க அந்தப் படம் வேண்டும்.