கப்பல் ஏறும் முன்: அறைத் தேர்விலிருந்து டிப்ஸ் வரை தெரிந்துகொள்ள வேண்டியவை

பள்ளி விடுமுறை நெருங்கும்போது சிங்கப்பூரில் பல வீடுகளில் எழும் பேச்சு, உல்லாசக் கப்பல் பயணம். தாத்தா பாட்டி முதல் சிறு பிள்ளைகள் வரை எல்லாரும் சேர்ந்து போகலாம். ஒருமுறை பெட்டியைத் திறந்து துணிமணிகளை அடுக்கிவிட்டால், திரும்பி வரும் வரை மூட வேண்டியதில்லை. தங்குமிடமும் சாப்பாடும் கட்டணத்திலேயே அடங்கிவிடுகின்றன.

ஆனால், விமானப் பயணத்தில் இல்லாத சில விதிமுறைகள் கப்பலில் உண்டு. அவற்றை அறியாமல் முனையத்திலேயே திருப்பி அனுப்பப்படுவோர் இருக்கின்றனர். பயணம் முடிந்து கணக்கைப் பார்த்துத் திகைப்போரும் இருக்கின்றனர். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, கிள்ளான் துறைமுகம், புக்கெட் ஆகிய இடங்களுக்குச் செல்லும் 3, 4 இரவுப் பயணங்களை மனத்தில் வைத்து இந்தக் குறிப்புகள் தொகுக்கப்பட்டுள்ளன.

கடப்பிதழும் விசாவும்

முதலில் பார்க்க வேண்டியது அறையோ விலையோ அல்ல, கடப்பிதழ்தான். பயணம் முடியும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதங்களுக்கு அது செல்லுபடியாக வேண்டும். ஒருவரின் கடப்பிதழ் காலாவதியாகும் நிலையில் இருந்தாலும் முழுக் குடும்பத்தின் திட்டமும் குலைந்துவிடும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரைக் கப்பலில் அழைத்துச் செல்ல விரும்புவோர் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். கப்பல் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பினால் அவர்களும் நாட்டை விட்டு வெளியேறியதாகவே கணக்கு. அவர்களிடம் இருப்பது ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவாக இருந்தால், திரும்பி வரும்போது நுழைய முடியாது. கப்பல் நிறுவனமும் ஏற்றிக்கொள்ளாது. பணம் கட்டும் முன்பே விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்று இருப்பதைப் பாருங்கள். கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் அவர்களுக்கு விசா தேவையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ‘நான் கரையில் இறங்கப் போவதில்லை, அதனால் விசா வேண்டாம்’ என்ற வாதம் பெரும்பாலும் எடுபடாது.

நிரந்தரவாசிகள் மறுநுழைவு அனுமதி நடப்பில் இருப்பதைச் சரிபார்க்க வேண்டும். மின்னியல் வருகை அட்டைகளை யார் யார் நிரப்ப வேண்டும் என்பதைக் கப்பல் நிறுவனம் அனுப்பும் குறிப்புகளில் காணலாம். சிங்கப்பூர் வருகை அட்டைக்குக் கட்டணம் கிடையாது. குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் இணையத்தளத்தில் அதை நிரப்பலாம். அதற்குப் பணம் கேட்கும் தளங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் பற்றிய விதி கடுமையானது. பயணத்தின் எந்த நாளிலாவது 24ஆவது வாரத்தை எட்டும் கர்ப்பிணிகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை. அதுபோல், 6 மாதம் நிறையாத குழந்தைகளுக்கும் அனுமதி இல்லை. பேரப்பிள்ளைகளைத் தாத்தா பாட்டி மட்டும் அழைத்துச் செல்வதாக இருந்தால், பெற்றோரின் ஒப்புதல் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

எந்த அறை நல்லது?

கப்பலில் பொதுவாக 4 வகை அறைகள் உள்ளன. சன்னல் இல்லாத உள் அறை, கடலைப் பார்க்கும் சன்னல் அறை, பால்கனி அறை, சொகுசுத் தொகுப்பு அறை.

உள் அறை விலை குறைவு. பகல் முழுதும் நீச்சல் குளம், கலை நிகழ்ச்சி, சாப்பாடு என்று வெளியே இருப்பவர்களுக்கு அது போதும். ஆனால், விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. இரவா பகலா என்று தெரியாது. அடைபட்ட இடத்தில் மூச்சு முட்டுவது போல் உணர்பவர்களுக்கும், நாளின் பெரும்பகுதியை அறையிலேயே கழிக்கும் முதியவர்களுக்கும் சன்னல் அல்லது பால்கனி அறைதான் ஏற்றது. சிறு பிள்ளைகள் இருந்தால் பால்கனிக் கதவைப் பூட்டியே வைத்திருங்கள்.

வகையைப் போலவே இருக்கும் இடமும் முக்கியம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் உள்ள அறைகளில் ஆட்டம் குறைவாகத் தெரியும். முன்முனையிலும் மேல் தளங்களிலும் அதிகமாகத் தெரியும். முன்பதிவு செய்யும்போது தளங்களின் வரைபடத்தைத் திறந்து, உங்கள் அறைக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே நீச்சல் குளத் தளம் இருந்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். கீழே அரங்கமோ இசைக்கூடமோ இருந்தால் நள்ளிரவு வரை அதிர்வு இருக்கும். மேலும் கீழும் அறைகளே உள்ள தளம் அமைதியானது.

மின்தூக்கிக்கு அருகில் அறை இருந்தால் முட்டிவலி உள்ளவர்களுக்கு உதவி. பெரிய கப்பல்களில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடப்பதே களைப்பைத் தரும். சக்கர நாற்காலி நுழையும் அகலமான கதவு கொண்ட அறைகள் குறைவு என்பதால் சீக்கிரமே முடிந்துவிடும்.

ஒரே அறையில் நால்வர் தங்கினால் மூன்றாவது, நான்காவது படுக்கை பெரும்பாலும் மேலிருந்து இறக்கும் கட்டிலாகவோ விரித்துப்போடும் சோபாவாகவோ இருக்கும். ஏணி ஏற முடியாதவர்கள் இருந்தால், இடையில் கதவு உள்ள இரண்டு அறைகளைக் கேளுங்கள். தனியாகச் செல்பவர் பல நேரங்களில் இருவருக்கான கட்டணத்தையே செலுத்த வேண்டியிருக்கும். ‘அறை எண்ணை நிறுவனமே முடிவு செய்யும்’ என்ற மலிவுச் சலுகையை எடுத்தால், மேலே சொன்ன எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

விளம்பர விலையும் முழு விலையும்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது, ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் தொகை. அதனுடன் துறைமுகக் கட்டணம், வரிகள், டிப்ஸ் ஆகியவை சேரும். கப்பலில் மது, குளிர்பானங்கள், சிறப்பு உணவகங்கள், வைஃபை, கரைச் சுற்றுலா ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம். பானங்களின் விலையுடன் சேவைக் கட்டணத்தைத் தானாகவே சேர்ப்பதும் வழக்கம்.

கப்பலுக்குள் ரொக்கம் புழங்குவது குறைவு. அறை அட்டையைக் காட்டினால் போதும்; செலவு உங்கள் கணக்கில் ஏறும். செலவு கண்ணில் படாமல் கூடுவதும் இதனால்தான். பிள்ளைகளின் அட்டையில் செலவழிக்கும் வசதியை முடக்கி வைக்கலாம். தினமும் ஒருமுறை கணக்கைப் பார்த்துவிடுங்கள். தவறு இருந்தால், கப்பலை விட்டு இறங்கும் முன் திருத்துவது எளிது. டெபிட் அட்டையைப் பதிவு செய்தால், ஒரு தொகை முன்கூட்டியே பிடித்து வைக்கப்பட்டுச் சில நாள்கள் கழித்தே விடுவிக்கப்படலாம்.

கைப்பேசிக் கட்டணம் இன்னொரு பொறி. கரை மறைந்ததும் கைப்பேசி, கப்பலின் செயற்கைக்கோள் வழித் தொடர்பில் தானாக இணையும். சாதாரண ரோமிங் திட்டங்கள் பெரும்பாலும் அதை உள்ளடக்குவதில்லை. கப்பல் கிளம்பியதும் கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றி, வைஃபையை மட்டும் இயக்குங்கள். வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசியையும் மறவாமல் மாற்றிவிடுங்கள்.

டிப்ஸ் கொடுக்க வேண்டுமா?

டிப்ஸ் கொடுக்கும் பழக்கம் சிங்கப்பூரில் இல்லை என்பதால் பலரை உறுத்தும் கேள்வி இது. பல பெரிய நிறுவனங்களில் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை டிப்ஸ் என்ற பெயரில் கணக்கில் சேர்க்கப்படுகிறது. சொகுசுத் தொகுப்பு அறைகளுக்கு அது இன்னும் அதிகம். பிள்ளைகளுக்கும் சேர்த்தே கணக்கிடப்படுவது வழக்கம். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 3 இரவுக்கு, தலைக்கு 20 டாலர் வீதம், 240 டாலர் வரும். நம் பணத்தில் 300 வெள்ளிக்கு மேல். பயணத்துக்கு ஒதுக்கும் தொகையில் இதை முதலிலேயே சேர்த்துவிட வேண்டும். முன்பதிவின்போதே செலுத்திவிட்டால் கடைசி நாளில் சுமை தெரியாது.

சில நிறுவனங்களில் வரவேற்பு மேசைக்குச் சென்று இந்தத் தொகையைக் குறைக்கவோ நீக்கவோ கேட்கலாம். ஆனால், அறையைச் சுத்தம் செய்பவர், உணவு பரிமாறுபவர், நம் கண்ணில் படாமல் துணி வெளுப்பவர், பாத்திரம் கழுவுபவர் எனப் பலருக்கும் இது பிரித்துக் கொடுக்கப்படுகிறது. அவர்களில் பலர் பிலிப்பீன்ஸ், இந்தியா, இந்தோனீசியா போன்ற நாடுகளிலிருந்து வந்து, மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து வேலை செய்பவர்கள். அவர்களின் வருமானத்தில் இது ஒரு பகுதி. சேவையில் குறை இருந்தால் முதல் நாளே சொல்லிச் சரிசெய்யச் சொல்வதே முறை.

அதற்கு மேல் கொடுப்பது உங்கள் விருப்பம். முதியவருக்குத் தினமும் சுடுநீர் கொண்டுவந்து கொடுத்தவர், பிள்ளைக்குக் காரமில்லாத உணவைத் தேடித் தந்தவர் போன்றோருக்குக் கடைசி இரவில் ஒரு சிறு தொகையை உறையிலிட்டு நேரில் கொடுக்கலாம். பெயர் குறிப்பிட்டு எழுதும் பாராட்டும் அவர்களின் பணி உயர்வுக்கு உதவும்.

பெட்டியில் வைக்க வேண்டியவை, கூடாதவை

தீ விபத்துதான் கப்பலில் பெரிய அச்சம். அதனால் இஸ்திரிப் பெட்டி, மின்சுடுகலன், சோறு ஆக்கும் மின்பானை ஆகியவற்றுக்குத் தடை உண்டு. மெழுகுவத்தி, ஊதுவத்தி, கற்பூரம், விளக்கு எதையும் ஏற்றக்கூடாது. தினமும் விளக்கேற்றிக் கும்பிடும் பெரியவர்களுக்கு இதை முன்பே எடுத்துச் சொல்லிவிடுங்கள். சாமி படமும் திருநீறும் கொண்டுபோவதில் சிக்கல் இல்லை. பல துளைகள் கொண்ட மின்நீட்டிப்புக் கம்பிகளையும் பல கப்பல்கள் பறிமுதல் செய்கின்றன. நம் மூன்று முனைச் செருகி பொருந்தாத கப்பல்கள் உண்டு. எனவே, பன்னாட்டு அடாப்டர் ஒன்று போதும்.

வீட்டில் சமைத்த புளிச்சோறு, இட்லி போன்றவற்றைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. கடையில் வாங்கிய, உறை பிரிக்காத முறுக்கு, பிஸ்கட், குழந்தை உணவு ஆகியவை பெரும்பாலும் அனுமதிக்கப்படும்.

முனையத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். ஆகவே கடப்பிதழ், மருந்துகள், கண்ணாடி, மின்னூட்டி, குழந்தையின் அணையாடை, ஒரு மாற்றுடை, நீச்சலுடை ஆகியவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்சாதனம் கடுமையாக இருக்கும் என்பதால் ஒரு சால்வை அவசியம். விருந்து இரவுக்குக் கோட்டுதான் வேண்டும் என்பதில்லை. சேலையும் வேட்டி சட்டையும் கம்பீரமான விருந்து உடைகளே.

சாப்பாடும் உடல்நலமும்

சைவம், சமண சைவம், ஹலால் எதுவாக இருந்தாலும் முன்பதிவின்போதே தெரிவியுங்கள். இங்கிருந்து கிளம்பும் கப்பல்களில் இந்திய உணவு கிடைக்கும் என்றாலும் தோசையும் சாம்பாரும் தினமும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். பஃபேயில் கரண்டிகள் இடம் மாறுவது உண்டு. கண்டிப்பான சைவர்கள், அமர்ந்து சாப்பிடும் உணவகத்தில் முதல் இரவே பணியாளரிடம் சொல்லிவைப்பது நல்லது.

மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியானது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின்போது புக்கெட் பக்கம் அலை கூடும். தலைசுற்றல் வரக்கூடியவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கி, ஆட்டம் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

கப்பல் மருத்துவரைப் பார்ப்பதற்கான கட்டணம் நம் பலதுறை மருந்தகம் போல் இருக்காது. நடுக்கடலிலிருந்து நோயாளியைக் கரைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால் செலவு மிகப் பெரிது. கப்பல் பயணத்தையும் ஏற்கெனவே உள்ள நோய்களையும் உள்ளடக்கும் காப்புறுதியை, முன்பதிவு செய்த கையோடு எடுத்துவிடுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை 3 நாளுக்கு அதிகமாகவே எடுத்துச் செல்லுங்கள். வயிற்றுப்போக்குக் கிருமி கப்பலில் விரைவாகப் பரவும். அதற்குக் கிருமிநாசினித் திரவத்தைவிட, சோப்பு போட்டுக் கை கழுவுவதே பலன் தரும்.

ஏறும் நாளும் இறங்கும் நேரமும்

சிங்கப்பூரில் உல்லாசக் கப்பல்களுக்கு இரண்டு முனையங்கள். ஒன்று, மரினா சவுத் பியர் எம்ஆர்டி நிலையத்துக்கு அருகில் உள்ள மரினா பே முனையம், மற்றொன்று, ஹார்பர்ஃபிரண்ட். எது என்று சீட்டில் பார்த்து, உங்களுக்குக் குறித்த நேரத்துக்குப் போங்கள். புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போதே பதிவு மூடப்படும்.

ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சி. 2012ல் இத்தாலியக் கடலோரம் ‘கோஸ்டா கொன்கோர்டியா’ கப்பல் கவிழ்ந்து 32 பேர் மாண்டனர். அதன்பின், கப்பல் கிளம்பும் முன் அல்லது கிளம்பிய உடனே இந்தப் பயிற்சி நடக்க வேண்டும் என்று அனைத்துலக விதி மாற்றப்பட்டது. உயிர்காப்பு அங்கி எங்கே, எந்த இடத்தில் கூட வேண்டும் என்பதைக் குடும்பத்தில் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ளுங்கள்.

பினாங்கில் ஸ்வெட்டன்ஹம் துறையில் இறங்கினால் லிட்டில் இந்தியாவுக்கும் குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலுக்கும் நடந்தே போய் வரலாம். கிள்ளான் துறைமுகம் அப்படியன்று. முனையம் இந்தா தீவில் உள்ளதால், பத்துமலை போய்த் திரும்பச் சாலை நெரிசலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் கரைக்கு அனுப்புவது வழக்கம். கால் தடுமாறும் முதியவர்களுக்குப் படகில் ஏறி இறங்குவது சிரமம்.

தாய்லாந்து நேரம் நம் நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியது. கைப்பேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இயங்கலாம். கைப்பேசியை நம்பிக் கடைத்தெருவில் நின்றால் கப்பலைத் தவறவிடுவீர்கள். நிறுவனம் நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகச் சென்றவர்களுக்காகக் காத்திருக்காது. கைக்கடிகாரத்தில் கப்பல் நேரத்தை வையுங்கள். கடப்பிதழின் நகலும் முகவரின் தொடர்பு எண்ணும் கையில் இருக்கட்டும்.

கடைசி இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் காலைக்கான உடை, மருந்து, கடப்பிதழ் ஆகியவற்றை எடுத்து வைத்த பின்பே பெட்டியைப் பூட்டுங்கள். சிங்கப்பூர்ச் சுங்கத்தில், மலேசியாவிலிருந்து வருவோருக்கு மதுபான வரிவிலக்கு கிடையாது. சிகரெட்டுக்கு எவருக்கும் விலக்கில்லை. மின்சிகரெட் முற்றிலும் தடை. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியில் இருந்த சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் 500 வெள்ளி வரையிலான பொருள்களுக்குப் பொருள், சேவை வரி கட்ட வேண்டாம். அதற்குக் குறைவான நேரம் என்றால் வரம்பு 100 வெள்ளி. வேலை அனுமதி, நீண்டகால அனுமதி அட்டைகள் வைத்திருப்போருக்கு இந்தச் சலுகை இல்லை.