கர்ணத்தின் ஏடும் வாக்காளர் பட்டியலும்



அறுபது வயதைக் கடந்த நம் பெரியவர்களுக்குக் 'கர்ணம்' என்ற சொல் அந்நியமானதன்று. சில ஊர்களில் கணக்குப்பிள்ளை என்பர். நிலம் யார் பெயரில் உள்ளது, என்ன பயிர் விளைந்தது, எவ்வளவு தீர்வை என்பதைச் சிட்டாவிலும் அடங்கலிலும் எழுதி வைப்பது அவர் வேலை. தீர்வையை வசூலிப்பது மணியக்காரர் எனப்பட்ட கிராம முன்சீப்பின் பொறுப்பு. பிறப்பு இறப்புப் பதிவேடும் பெரும்பாலான கிராமங்களில் அவரிடமே இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை ஜமாபந்தியில் இந்தக் கணக்குகளையெல்லாம் மேலதிகாரிகள் முன் வைப்பார்கள். ஜமாபந்தி, பசலி, தாசில்தார் என இத்துறையில் புழங்கும் சொற்களில் பல அரபு, பாரசீக வழியாக வந்தவை என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்வது நமக்குச் சற்று மகிழ்ச்சி தருவதே.

இந்தக் கணக்கு ஏட்டுக்கும் வாக்குரிமைக்கும் என்ன தொடர்பு? 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை மாகாணச் சட்டசபைக்கு நடந்த தேர்தல்களில், சொத்தும் வரியுமே வாக்காளரைத் தீர்மானித்தன. கிராமப்புறத்தில் ஆண்டுக்குப் பத்து ரூபாய் மதிப்புள்ள நிலத்துக்குப் பட்டாதாரராக இருப்பவர் வாக்காளர். பட்டா இல்லாத கூலியாளுக்கும், கடலோடிக்கும், தறி நெய்பவருக்கும் அவ்வழி அடைபட்டிருந்தது. ஆகவே கர்ணத்தின் ஏட்டில் பெயர் உண்டா இல்லையா என்பதே பலருக்கு முடிவான கேள்வியாக இருந்தது. 1921இல் சென்னை மாகாணம் பெண்களுக்கும் வாக்குரிமை அளித்தது. ஆயினும் அதே சொத்துத் தகுதி வேண்டும் என்றதனால், தம் பெயரில் பட்டா இல்லாத பெண்களுக்கு அதனால் பயன் மிகக் குறைவு.

நம் சமுதாயத்துக்கு இதில் தனிக் கணக்கொன்று உண்டு. 1909 முதல் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் பட்டியல் இருந்தது. முஸ்லிம் தொகுதியில் முஸ்லிம்களே வாக்களித்தனர். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில் சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 28 இவ்வாறு ஒதுக்கப்பட்டன. முஸ்லிம் பெண்களுக்கென மேலும் ஓரிடமும் இருந்தது. இம்முறை தொடர வேண்டுமென்று அரசியல் நிர்ணய சபையில் 1947இல் பி. போக்கர் சாஹிப் வாதாடினார். காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிபும் அதே நிலைப்பாட்டில் நின்றார். சபை அதனை ஏற்கவில்லை. அரசியல் சட்டத்தின் 325ஆம் பிரிவு, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரே பொதுப் பட்டியல் என்றும், சமயம், இனம், சாதி, பால் காரணமாக எவரையும் விலக்கக் கூடாது என்றும் வகுத்தது. 326ஆம் பிரிவு, வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கியது. அன்று வயது வரம்பு 21. 1989இல்தான் அது 18 ஆனது.

1951-52 முதற் பொதுத்தேர்தலுக்காக நாடெங்கும் வீடு வீடாகச் சென்று எழுதிய பட்டியலில் 17 கோடிக்கு மேற்பட்டோர் இடம்பெற்றனர். அப்போது நடந்த ஒன்றை நம் பெண்மக்கள் அவசியம் அறிய வேண்டும். குறிப்பாக வட மாநிலங்களில் பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்லாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே எழுதச் செய்தனர். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதனை ஏற்க மறுத்தார். சொந்தப் பெயர் கூறாத ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. கடுமையான முடிவுதான். ஆனால் பெயரில்லாத ஒருவரை வாக்குச்சாவடியில் எவ்வாறு அடையாளம் காண்பது?

கர்ணம், முன்சீப் பதவிகளை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் அவ்விடத்தில் அமர்ந்தார். பட்டியலுக்குப் பொறுப்பு வாக்காளர் பதிவு அலுவலருடையது. அவருக்குக் கீழே நம் தெருவுக்கு வருபவர் வாக்குச்சாவடி நிலை அலுவலர். பெரும்பாலும் ஆசிரியராகவோ அங்கன்வாடி ஊழியராகவோ இருப்பார். புதிதாகச் சேர 6ஆம் படிவம், நீக்கத்துக்கு 7, திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும் 8. முன்னர் ஜனவரி முதல் தேதி ஒன்றே தகுதி நாளாக இருந்தது. 2022 முதல் ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளும் சேர்ந்துள்ளன. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம் எனினும், சட்டமன்றப் பட்டியலையே வார்டு வாரியாகப் பிரித்துப் பயன்படுத்துகிறது.

2025 நவம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, பழைய 2002, 2005ஆம் ஆண்டுப் பட்டியல்களில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேட வேண்டியதாயிற்று. வெளியூரிலிருந்து மணமுடித்து வந்த நம் சகோதரிகளுக்கே இதில் சிரமம் அதிகம். ஆயிஷா பீவி ஓரிடத்தில் ஆயிசா பேகம். தந்தையின் முதலெழுத்து வேறு. சில பதிவுகளில் வயதும் வேறு. எழுதியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அச்சிட்ட பட்டியலை வாங்கிப் படிக்காமல் இருந்தவர்கள் நாமும்தாம்.

அயல்நாட்டில் உழைக்கும் நம் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தற்காலிகமாக வெளியூர் சென்றவர் அதனால் மட்டும் வசிப்பிட உரிமையை இழப்பதில்லை. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களோ, 2011 முதல் 6ஏ படிவத்தின் மூலம் கடவுச்சீட்டில் உள்ள முகவரியிலேயே பதிந்துகொள்ளலாம். ஆனால் வாக்களிக்க நேரில் வந்து, அசல் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். விமானக் கட்டணத்தை எண்ணினால் எத்தனை பேரால் இயலும் என்பதை நாம் அறிவோம்.

வாக்குச்சாவடியில் முதல் அலுவலர் பெயரை உரக்கப் படிப்பது, முகவர்கள் கேட்டு ஆட்சேபிப்பதற்காகவே. பர்தா அணிந்த பெண்களை அடையாளம் காணப் பெண் அலுவலர் உதவுவார். நம் பெயரில் வேறொருவர் முன்னரே வாக்களித்துவிட்டதாகக் கூறினால் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியதில்லை. நாமே அந்த வாக்காளர் என்று நிறுவினால், ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு எனும் காகிதச்சீட்டு தரப்படும். தலைமை அலுவலர் அதனைத் தனி உறையில் வைத்துக்கொள்வார். அதைக் கேட்டுப் பெறும் உரிமை விதியிலேயே எழுதப்பட்டுள்ளது.