ஓட்டுக்கூரையும் மின்விசிறியும்
புதுச்சேரியின் தமிழர் பகுதியில், சரிந்த ஓட்டுக்கூரை வீடுகளுக்கு மின்விசிறி பிற்பாடு வந்த விருந்தாளி. திண்ணையும் நடையும் கடந்து வரும் காற்று முற்றத்தின் வழியே மேலேறும். சூடு நாட்டு ஓட்டின் இடுக்குகளில் கசிந்து வெளியேறும். கூரையே காற்றை நடத்தியது என்பதுதான் என் வாதம். 1930களில் அரவிந்தர் ஆசிரமத்துக்காக ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நகாஷிமா உடனிருந்து எழுப்பிய கோல்கொண்ட் விடுதி இதற்குச் சாட்சி. கான்கிரீட் கட்டடம்தான், ஆனாலும் வளைந்த கான்கிரீட் ஓடுகள் மேல்தளத்துக்கு நிழலாகக் கவிந்து, இடையே காற்று ஓட வழிவிடுகின்றன. வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதிலாகத் திருப்பித் திறக்கும் கிடைப்பலகை வரிசைகள்.

கத்திரி வெயில் காலத்தில், இலைகூட அசையாத இரவுக்கு இது போதுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விசிறி வேண்டும்தான், ஆனால் அது காற்றைக் குளிர்விப்பதில்லை, வியர்வையை உலர்த்துகிறது. முகட்டை ஒட்டி மாட்டினால் ஓட்டடிச் சூட்டைக் கலக்குமே தவிர, கீழே படுத்திருப்பவருக்குக் காற்று சரியாக எட்டாது. உத்திரத்திலிருந்து நீளமான தண்டில், தரைக்கு மேல் 8, 9 அடி உயரத்தில், இறக்கை நுனி சரிவில் இடிக்காதபடி தொங்கவிட வேண்டும். விசிறிக்காகவே ஓட்டுக்கு அடியில் சமதளப் பொய்க்கூரை அடிப்பவர்கள், சூடு வெளியேறும் வழியையும் சேர்த்தே அடைத்துவிடுகிறார்கள்.